வலது, வலது, வலது

நகரியில் விசைத்தறிகளுக்கு நடுவே என் கடை.
ஒரு கணினி, ஒரு பர்னர், கால் ஆடும் மேசை.
தறி ஓடும்போது தட்டு எழுதக் கூடாது.
பக்கத்தில் டீக்கு நிறுத்துகிற கால் மணிக்குள் எழுதி எடுக்கணும்,
கரண்ட் இருந்தால்.
போய்விட்டால் அந்தத் தட்டு
டம்ளருக்கு அடியில் வைக்க உதவும்.

முனிரத்தினம் வீட்டுக் கல்யாணம்.
பெண் இந்தப் பக்கம், மாப்பிள்ளை பொதட்டூர்பேட்டை.
மூன்று மணி நாற்பது நிமிடப் படம்.
உறையில் நாலு புள்ளி ஏழு என்று போட்டிருக்கும்,
உள்ளே நாலு புள்ளி மூன்றுதான் கொள்ளும்,
மண்டபத்துக்காரன் சொல்கிற ஐநூறு நாற்காலி மாதிரி.
முகங்களைக் கொஞ்சம் நசுக்கித்தான் உட்கார வைத்தேன்.

முதலில் முகப்பு.
தாலி ஏறியதும் லோகேஸ்வரி நிமிர்ந்த ஒரு நொடி, அசையாமல்.
அடியில் இருபது நொடி நாதஸ்வரம்,
முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்கும்.
ஒட்டு தெரியாமலிருக்க
வாசிப்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் வெட்டினேன்.

எழுத்தை ஓரத்துக்குக் கொண்டு போக மாட்டேன்,
பழைய டிவி ஓரத்தைத் தின்றுவிடும்.
சத்தியவேட்டில் ஒரு தாய்மாமன் பெயருக்குத்
தலையெழுத்து போய்விட்டது,
நாலு மாதம் எனக்குக் கூலி வரவில்லை.

பெண் அழைப்பு, முகூர்த்தம், சீர், பந்தி, எல்லாம்.
ஐந்து பொத்தான்.
தெலுங்கு மேலேயா தமிழ் மேலேயா என்றார்கள்.
பக்கம் பக்கமாக வைத்தேன்.
எது இடது என்றார்கள்.

சும்மா இருந்தால் வெள்ளை,
வந்து நின்றால் மஞ்சள்,
அழுத்தினால் சிவப்பு.
ஒவ்வொன்றுக்கும் நாலு திசையும் சொல்லி வைக்கணும்.
சொல்லாவிட்டால் ரிமோட்
கடைசி பஸ்ஸை விட்டவனைப் போல
அங்கேயே நின்று விழிக்கும்.

பந்தியில் ஒரு ஏழு நிமிடம்.
முதலில் பப்பா சாம்பாரா என்று ஆரம்பித்து
கடைசியில் பைக்கில் போய் நின்றது.
மாப்பிள்ளையின் சித்தப்பா இலையை மடிக்காமல் எழுந்தார்.
முனிரத்தினம் கூப்பிய கையை இறக்கவே இல்லை.
கேமரா பையனும் நிறுத்தவில்லை.

‘எடுத்துடுப்பா’ என்றது அந்த வீடு.
‘தீசெய்யி’ என்றது இந்த வீடு.
அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

டீ நேரத்தில் லோகேஸ்வரி வந்தாள், தனியாக.
‘அப்பா அப்படி நின்னதை நான் பார்க்கல,
மேடையில இருந்தேன்.
அழிக்காதீங்க.
எனக்குக் குடுக்குற தட்டுல மட்டும் இருக்கட்டும்.
வெளியே தெரிய வேணாம்.’

நிறமே இல்லாத பொத்தான் மூன்று செய்தேன்.
முகூர்த்தத்தில் நின்று வலது.
மஞ்சள் காணாமல் போகும், பயப்படாதே.
இன்னும் ஒரு வலது. இன்னும் ஒன்று.
அப்புறம் அழுத்து.
உள்ளங்கை மருதாணிக்கு மேல்
பேனாவால் மூன்று அம்பு வரைந்துகொண்டு போனாள்.

பன்னிரண்டு தட்டு கேட்டிருந்தார்கள்.
அவளுக்கு மட்டும் தனியாகக் கட்டியிருக்கலாம்,
கணினி அதற்கு இன்னொரு நாலு மணி நேரம் கேட்கும்.
ஒரே பிம்பத்திலிருந்து பன்னிரண்டையும் எழுதினேன்,
நாலு மடங்கு வேகம், அதற்கு மேல் போனதில்லை.
எல்லைக்கு இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஐந்து.
சோம்பலா, வேறெதுவுமா,
என்னைக் கேட்டால் இன்றைக்கும் தெரியாது.

மூன்று வருஷம் யாரும் எதுவும் சொல்லவில்லை.
போன வாரம் ஒன்று திரும்பி வந்தது,
சித்தப்பா வீட்டுத் தட்டு, ஒரே கீறல்.
‘பந்தி வந்தா நின்னுடுது. வேற போட்டுக் குடு.’

அவர் வெளியே பீடி பற்ற வைக்கையில்
துணியால் துடைத்துப் போட்டுப் பார்த்தேன்.
பெண் அழைப்பு திக்கியது.
சீர் கட்டம் கட்டமாக உடைந்தது.
வலது, வலது, வலது.
அந்த ஏழு நிமிடம் மட்டும்
ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடியது.

புதுத் தட்டு எழுதிக் கொடுத்தேன்.
அதே பிம்பம்தான்.
முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.